சாராயப் போத்தலில் ஒட்டிய அளவுக் கடதாசி

1

கனகசபை அண்ணை, உங்கள் தம்பியைக் கொன்றது நீங்கள்தான். நான் இல்லை.

இப்படித் தொடங்கக் கூடாது என்று என் மனைவி சொன்னாள். முதலில் நலம் விசாரித்து, லண்டன் குளிரைப் பற்றி நாலு வரி எழுதி, பிறகு மெல்ல விஷயத்துக்கு வரலாமாம். பத்து வருடம் பேசாமல்தான் இருந்தேன். அதனால் வந்த பலனைப் போன சனிக்கிழமை தபால்காரர் கொண்டு வந்து தந்தார்.

ஊர் முன்னேற்றச் சங்கத்தின் மலர். வழவழப்பான அட்டை. உள்ளே சங்கத் தலைவர் கனகசபை எழுதிய கட்டுரை. தன் தம்பி தம்பிராசா இறந்து இந்த ஆனியோடு பத்து வருடம் என்று தொடங்குகிறார். தம்பி அம்மன் சந்நிதியில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்து குடியை விட்டானாம். ஆனால் அதற்கு முன்பே ஊர்காவற்றுறை மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஏதோ மருந்தைக் கொடுத்து உடம்பைக் கெடுத்துவிட்டாராம். ஆபத்து இருக்கிறது என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லையாம்.

அந்த மருந்துக்கடைக்காரர் நான். பெயர் போடவில்லை. போட வேண்டியதுமில்லை, யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு அது யார் என்று தெரியும்.

இதை மட்டும் எழுதியிருந்தால் மலரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். கடைசிப் பந்தியில் ஓர் அறிவித்தல் இருக்கிறது. தம்பியின் நினைவாக, வருகிற ஆனித் திருவிழாவுக்கு ஊரிலுள்ள குடிகாரரைச் சங்கம் இலவசமாக நயினாதீவு அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போகுமாம். முதல் நாளே சத்தியம் செய்வித்து, திருவிழா முடியும்வரை அங்கேயே ஒரு மடத்தில் வைத்திருக்குமாம். பன்னிரண்டு பேர் சம்மதித்துப் பெயர் கொடுத்துவிட்டார்களாம். பெயர்களும் அச்சில் இருக்கின்றன. அவற்றில் மூன்று பேர் என் கடைக்கு வந்தவர்கள். ஒருவர் தம்பிராசா அண்ணையின் மனைவி புவனமக்காவின் கூடப்பிறந்த தம்பி.

அதனால்தான், ஊரார் எல்லோரும் வாசிக்க, இந்தச் சஞ்சிகையில் எழுதுகிறேன். கொடியேற இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

2

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று ஊரில் பலருக்குத் தெரியாது. பெரிய பாமசியில் பெரிய வேலை என்று நினைக்கிறார்கள். லண்டனின் தெற்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை. காலை எட்டரைக்குப் போய்க் கதவைத் திறந்து, நிலம் கூட்டி, இருமல் இனிப்பும் பற்பசையும் அடுக்கி வைப்பேன். வெள்ளைக் கோட்டு உண்டு. ஆனால் மருந்து கலக்கும் அறைக்குள் நான் போகக் கூடாது.

கொழும்பில் படித்துச் சோதனை பாஸ்பண்ணிய மருந்தாளன் நான். இங்கே அதை ஏற்பார்களா என்று எழுதிக் கேட்டேன். அசல் சான்றிதழை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். பிறகு, அந்தப் படிப்பில் என்னென்ன பாடம், எத்தனை மணித்தியாலம் என்று கேட்டார்கள். கொழும்புக்கு எழுதினேன். ஏழு மாதம் கழித்து என் கோப்பு காணாமல் போய்விட்டது என்று பதில் வந்தது. அந்தப் பதிலையே இங்கே அனுப்பினேன். அப்படியானால் முதலிலிருந்து படியுங்கள் என்றார்கள். நாற்பது வயதில், வீட்டு வாடகையோடும் பிள்ளையோடும், முதலிலிருந்து.

கடைக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வருவார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. கிழமைக்கு மூன்று தரம் வயிற்றெரிவுக் குளிசை வாங்குவார். காலை ஒன்பது மணிக்கே மூச்சில் வாடை இருக்கும். சில்லறையை எண்ண முடியாமல் கையை விரித்து, நீயே எடு என்பார். விரல்கள் நடுங்கும். நானே எடுப்பேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். ஊரில் நாங்கள் மரியாதையாக, குடி என்ற சொல்லை எடுக்காமல், “ஏதும் பாவிக்கிறனீங்களோ?” என்று கேட்போம். யாரும் கோபிப்பதில்லை. அதையே அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன். இந்த ஊரில் அதற்கு அர்த்தம் வேறு. ஊசி ஏற்றுகிற இளைஞர்களிடம் கேட்கிற கேள்வி அது. எழுபது வயது மனிதரைப் போய் அப்படிக் கேட்டதும் முகம் சிவந்து போய்விட்டார். முதலாளியைக் கூப்பிட்டு முறையிட்டார்.

முதலாளிக்கு இருபத்தெட்டு வயது. நல்ல பெடியன். என்னைத் தனியே கூப்பிட்டு, “கேட்டதை எடுத்துக் கொடுங்கள், அது போதும்” என்றான்.

அதன் பிறகு நான் கேட்பதில்லை. கிழவர் இப்போதும் வருகிறார். நான் சில்லறையை எடுத்துக்கொண்டு குளிசையைக் கொடுக்கிறேன். ஊரில் கேட்டேன், கொலைகாரன் என்றார்கள். இங்கே கேட்காமல் இருக்கிறேன், நல்ல வேலைக்காரன் என்கிறார்கள்.

3

யார் குடிக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மிக்சர் மருந்து வாங்க வருபவர்கள் போத்தலைத் தாங்களே கொண்டுவர வேண்டும். கடையில் போத்தல் கொடுக்கும் வழக்கம் இல்லை. வீட்டில் கிடக்கும் போத்தல் எதுவோ அதுதான் வரும். சோடாப் போத்தல், நல்லெண்ணெய்ப் போத்தல், அதிகமாகச் சாராயப் போத்தல். குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் அலைகிற தீவில் போத்தல் கழுவ யார் நல்ல தண்ணீரை ஊற்றுவார்கள்? உவர்நீரில் ஒரு அலசு, அவ்வளவுதான். தக்கையைக் கழற்றியதும் உள்ளிருப்பது நேற்றைய சாராயமா, போன வருடத்துச் சாராயமா என்று என் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வீட்டிலிருந்து பழைய போத்தல் திரும்பத் திரும்ப வந்தால் அந்த வீட்டில் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு தரமும் புதுப் போத்தல், லேபல்கூடக் கசங்காத போத்தல் வந்தால் நான் கேட்கத் தொடங்குவேன். வயிற்றெரிவு, நித்திரையின்மை, சைக்கிளால் விழுந்த காயம், கால் விறைப்பு. இவற்றுக்கு மருந்து கேட்டு வரும் ஆண்களில் பாதிப் பேரின் நோய் ஒன்றுதான். அதை அவர்கள் டொக்டரிடம் சொல்ல மாட்டார்கள். டொக்டர் கதிரையில் இருப்பவர். நான் மேசைக்குப் பின்னால் நிற்பவன்.

“குடிக்கிறனீங்களோ” என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். கள்ளை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை, அது சாப்பாடாம். பிள்ளைப்பேற்று வீட்டில் குடிப்பதும் செத்தவீட்டில் குடிப்பதும் கணக்கில் இல்லை. நானே விற்ற வைன் டொனிக்கும் கணக்கில் இல்லை. ஓம், விற்றேன். கள்ளுத் தவறணைப் பக்கம் தலை வைத்தும் படுக்காத கௌரவமான மனிதர்கள் கிழமைக்கு ஒரு போத்தல் டொனிக் வாங்கிப் போனார்கள். கரண்டியால் குடித்தால் மருந்து என்று அவர்களும் நினைத்தார்கள். நானும் பல வருடம் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

தம்பிராசா அண்ணை முதல் முறை தானே போத்தலோடு வந்த நாள் நினைவிருக்கிறது. தெற்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடையும் போய், உடுத்த உடுப்போடு கப்பலில் வந்திறங்கியவர். பிறகு வேலணையில் புகையிலைத் தோட்டம் செய்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

“அண்ணை, இந்த மாதம் இது நாலாவது புதுப் போத்தல்” என்றேன்.

“போத்தல் எண்ணவோ நீர் கடை திறந்து வைச்சிருக்கிறீர்?”

“வயித்தெரிவுக்கு மருந்து தாறன். அது வேலை செய்யாது எண்டும் சொல்லுறன்.”

“வேலை செய்யாத மருந்தை ஏன் காணும் விக்கிறீர்?”

“நீங்கள் கேக்கிறியள், விக்கிறன். விடிய முதல் வாய் எத்தினை மணிக்கு?”

கடையில் மீன்காரி ஒருத்தி நின்றாள். அவள் போகும்வரை அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “பல்லு விளக்க முதல்” என்றார்.

“கை?”

“ரெண்டு கையாலையும் பிடிக்காட்டில் தேத்தண்ணிக் கோப்பை நிக்காது. சிரியாதையும்.”

“நான் சிரிக்கேல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“ஒரு போத்தல் முடியும். கள்ளு வேறை. அது குடியே?”

விட ஆசையா என்று கேட்டேன். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். “ஆசை இருக்கு. விட்டனான் ஒருக்கா. போன தீவாளிக்கு மனிசி ஒளிச்சு வைச்சிட்டாள். ரெண்டாம் நாள் விழுந்து இழுத்து, நாக்கையும் கடிச்சுப் போட்டன். அந்தப் பயத்திலை பேந்து விடேல்லை.”

நெடுநாள் இப்படிக் குடித்த உடம்பு சாராயத்தில் நிற்கப் பழகியிருக்கும். திடீரென்று இழுத்து எடுத்தால் உடம்பு விழும். கை நடுங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும். சிலர் சாவார்கள். குடியால் மெல்லச் சாகிறவனை ஒரே நாளில் நிறுத்தி மூன்று நாளில் சாகடிக்கலாம். இதை ஊரில் எத்தனை பேர் நம்புவார்கள்?

4

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் அப்போதிருந்த டொக்டரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வோட்டில் இரண்டு கிழமை தங்கி நிற்கச் சொன்னார் டொக்டர். தம்பிராசா அண்ணை மாட்டேன் என்றார். ஆஸ்பத்திரியில் நின்றால் எதற்கு நின்றார் என்று வேலணை முழுக்கத் தெரிந்துவிடும். “அப்ப மெல்ல மெல்ல இறக்குவம், கிழமைக்கு ஒருக்கா என்னட்டைக் காட்டவேணும்” என்றார் டொக்டர். விற்றமின் எழுதித் தந்தார். எப்போதாவது முற்றாக நிறுத்த நேர்ந்தால் கொடுக்க வேண்டிய குளிசைக்கு ஒரு துண்டும் எழுதி, என்னிடமே வைத்திருக்கச் சொன்னார்.

எப்படி இறக்குவது? அவருக்கு அளவு என்று ஒன்று இல்லை. ஊற்றுவது அவர் கை. நான் கடையில் தினமும் செய்கிற வேலையையே செய்தேன். மிக்சர் போத்தலில் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, நீளமான கடதாசித் துண்டை மடித்து ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டிப் போத்தலின் பக்கத்தில் ஒட்டுவோம். ஒரு வெட்டு ஒரு வேளை. தீவுப்பகுதியில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளுக்கும் அது தெரியும். அதைச் சாராயப் போத்தலில் ஒட்டினேன். பதினாறு வெட்டு.

போத்தல் புவனமக்காவிடம். விடிய மூன்று வெட்டு, மத்தியானம், பின்னேரம் என்று பிரித்து அவவே ஊற்றிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு திங்களும் நான் புதுக் கடதாசி ஒட்டுவேன். கிழமைக்குக் கிழமை ஒரு நாளைய அளவில் ஒரு வெட்டுக் குறையும். கள்ளு முற்றாக இல்லை.

“நான் இந்தக் கையாலை ஊத்திக் குடுக்கவோ தம்பி?” என்று புவனமக்கா முதல் நாள் கேட்டா. “பத்தொன்பது வருசம் ஒளிச்ச கை இது.”

“மருந்தெண்டு நினையுங்கோ அக்கா.”

“மருந்தெண்டால் ஏன் தம்பி இப்பிடி நாறுது?” என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனா.

சித்திரை பிறந்த கிழமை தொடங்கினோம். நாலாம் கிழமை ஒரு கலியாண வீட்டில் எல்லாம் குழம்பிப் போனது. அவரே வந்து சொன்னார். திட்டுவேன் என்று நினைத்திருப்பார். நான் பழைய கடதாசியையே திரும்ப ஒட்டிக் கொடுத்தேன். ஒன்பது கிழமை முடிய மிச்சம் எட்டு வெட்டு. கோப்பையை ஒரு கையால் பிடித்தார். சோறு சாப்பிட்டார். தோட்டத்தில் தானே தண்ணீர் இறைத்தார். திங்கட்கிழமைகளில் பழைய போத்தலை மேசையில் வைத்து, “பாரும், ஒரு சொட்டும் தாண்டேல்லை” என்பார். அறுபது நாளாக அவர் வேறு எதைப் பற்றியும் என்னோடு கதைத்ததில்லை.

5

வெளியே சொல்ல வேண்டாம் என்று தம்பிராசா அண்ணையும் புவனமக்காவும் கேட்டார்கள். நானும் அதுதான் நல்லது என்றேன். கனகசபை அண்ணைக்கும் சொல்லவில்லை. தமையனாருக்கு இது தெரிந்தால் மானம் மரியாதை என்று குழப்புவார் என்று நானே சொன்னேன். இது என் இரண்டாவது பிழை.

ஏனென்றால் போத்தல் அவர் கண்ணில் பட்டது. தம்பி வீட்டுக் குசினியில், பகலில், தம்பி மனைவி கையால் சாராயம் ஊற்றுகிறா. போத்தலில் மருந்துக்கடைக் கடதாசி. அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? அவ்வருடம் நயினாதீவுத் திருவிழாவில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு நாள் உபயம் வேறு. கொடியேற்றத்தன்று காலை தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

புவனமக்கா கடைக்கு ஓடி வந்தா. செருப்பும் இல்லை. “கொண்டு போட்டார் தம்பி. போத்தலைத் தன்ரை பைக்குள்ளை வைச்சிட்டார். இனி ஒரு சொட்டும் இல்லையாம். எல்லாம் அம்மன் பாப்பாவாம்.”

டொக்டர் எழுதித் தந்த துண்டுக்குக் குளிசையை எண்ணிக் கட்டிக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டுக் கார் பிடித்து, நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறைக்குப் போனேன். லோஞ்ச் புறப்பட நின்றது. துறை நிறையச் சனம். கனகசபை அண்ணை பட்டு வேட்டியோடு முன்னால் நின்றார். பக்கத்தில் தம்பிராசா அண்ணை, தலை குனிந்தபடி.

மூச்சு வாங்க ஓடிப்போய் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். “அண்ணை, ஒரேயடியா நிப்பாட்டினால் இவருக்கு வலிப்பு வரும். போன தீவாளிக்கு வந்தது. ஆள் செத்துப் போகும். இந்தக் குளிசையையாவது கொண்டு போங்கோ. டொக்டரின்ரை துண்டும் இருக்கு.”

“நீர் ஆர் காணும் என்ரை தம்பிக்குச் சாராயம் அளந்து குடுக்க?” என்றார். “தவறணைக்காரன் உமக்குக் கொமிஷன் தாறவனோ?”

பின்னால் ஒருவர் சிரித்தார். “தம்பி, எனக்கும் ஒரு துண்டு எழுதும். மூண்டு நேரமும் சாப்பாட்டுக்குப் பிறகு” என்றார் இன்னொருவர். துறை முழுக்கச் சிரிப்பு.

“சத்தியம் செய்யட்டும், நான் மறிக்கேல்லை” என்றேன். “எட்டு வெட்டுத்தான் மிச்சம். இன்னும் எட்டுக் கிழமை. ஆவணியிலை கூட்டிக்கொண்டு போங்கோ. நானும் வாறன்.”

“அம்மனிட்டைப் போறவனுக்கு உம்மடை குளிசை தேவையில்லை.” பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கினார் என்று நான் நிம்மதிப்பட்டேன். கடலில் போட்டார்.

தம்பிராசா அண்ணை லோஞ்சில் ஏறும்போது என்னைப் பார்த்தார். “விடும் தம்பி. அண்ணை கூப்பிட்டால் நான் போகத்தானே வேணும். எட்டுக்கு வந்திட்டன், என்ன?” என்றார். அவ்வளவுதான் கடைசிக் கதை.

அம்மனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மன் குளிசையைக் கடலில் போடச் சொல்லவில்லை.

6

மூன்றாம் நாள் நடந்ததை நான் பார்க்கவில்லை. அடுத்த லோஞ்சில் பின்னாலேயே போன புவனமக்கா பிறகு சொன்னது இது.

இரண்டாம் நாள் பின்னேரம் கை நடுங்கத் தொடங்கியது. இரவு நித்திரை இல்லை. மூன்றாம் நாள் காலை மடத்துச் சுவரில் நட்டுவக்காலி ஊருகிறது என்று கையால் தட்டியபடி இருந்தார். உடம்பு வேர்த்து நடுங்குவதைப் பார்த்தவர்கள் சாமி உரு வந்துவிட்டது என்றார்கள். யாரோ வேப்பிலை கொடுத்தார்கள். யாரோ தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கனகசபை அண்ணை கண்கலங்கி, “என்ரை தம்பியை அம்மன் ஏற்றுக்கொண்டிட்டா” என்றாராம். புவனமக்கா காலில் விழுந்து, “மச்சான், இது உரு இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்” என்று கெஞ்சினாவாம். மத்தியானப் பூசை முடியட்டும் என்று பதில் வந்ததாம்.

பூசை நேரத்தில் முதல் வலிப்பு. பிறகு நிற்காமல் வந்தது. லோஞ்சில் கொண்டு வந்தார்கள். குறிகட்டுவானில் கார் வருவதற்கு முன் முடிந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயது.

விசாரணையில் குடி என்ற பேச்சே எழவில்லை. பிறவியிலேயே வலிப்பு வருத்தம் இருந்தது என்று குடும்பத்தில் சொன்னார்கள். என்னையோ டொக்டரையோ கூப்பிடாமல் அப்படியே எழுதினார்கள். ஊருக்குச் சொன்ன கதை வேறு. ஊருக்குக் கனகசபை அண்ணை காட்டியது அந்தப் போத்தலை. எட்டு வெட்டுக் கடதாசியோடு. எட்டாம் நாள் செலவுச் சடங்கில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னாராம். என் கையெழுத்து அதில் இருந்தது. டொக்டர் சாட்சி சொல்லியிருப்பார், ஆனால் ஆவணியில் அவருக்குத் தெற்குக்கு மாற்றம் வந்துவிட்டது. இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அதைவிட மோசம், வந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. புதுப் போத்தலோடு வருவார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நானும் கேட்பதை விட்டேன். இரண்டு வருடத்தில் கடையை விற்றுவிட்டுக் கப்பலேறினேன்.

7

மலரை என் மகளுக்கு வாசித்துக் காட்டி, நடந்ததையும் சொன்னேன். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழ் விளங்கும், வாசிக்க வராது, பதில் ஆங்கிலத்தில்தான் வரும். இத்தனை வருடம் இவளிடம் தம்பிராசா என்ற பெயரையே நான் சொன்னதில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். தமிழில் எழுதினால் இப்படி வரும்: “துறையில் அத்தனை பேர் முன்னால் ஏன் கத்தினீர்கள்? அந்தத் தமையனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொல்லியிருந்தால்?”

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு ஊர் தெரியாது, வாயை மூடு என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன். ஆனால் கேள்வி சரி. அறுபது பேர் சிரித்துக்கொண்டு நிற்கும்போது ஊர்ப் பெரியவர் ஒருவர், சரி தம்பி, ஆவணியில் போவோம் என்று எப்படித் திரும்புவார்? தம்பி குடிகாரன் என்பதை முதன்முதல் அந்தச் சனத்துக்குச் சொன்னவன் நான். அவருக்குத் திரும்ப வழி இல்லாமல் செய்ததில் எனக்கும் பங்குண்டு. இதை மறைத்தால் எனக்கும் உங்கள் கட்டுரைக்கும் என்ன வித்தியாசம்?

அதனால் முதல் வரியைத் திருத்தவா என்று யோசித்தேன். திருத்தவில்லை. குளிசையைக் கடலில் போட்டது என் கை அல்ல. மூன்றாம் நாள் காலை, மத்தியானப் பூசை முடியட்டும் என்றதும் என் வாய் அல்ல. உரு என்று நினைத்ததை நான் மன்னிப்பேன், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஒருவரும் சொல்லவில்லை என்று அச்சில் போட்டதை மன்னிக்க மாட்டேன். அந்த ஒரு பொய்யை நம்பித்தான் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு பேர் வீட்டிலும் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். விடிய எழும்பியதும் கை நடுங்குகிறதா, குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறதா, முன்பு விட்டபோது வலிப்பு வந்ததா, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்ததா என்று கேளுங்கள். ஒன்றுக்காவது ஓம் என்றால் அவரை ஒரேயடியாக நிறுத்த விடாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரி. வெட்கமாக இருந்தால் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போங்கள், அங்கே ஒருவருக்கும் உங்களைத் தெரியாது. நீங்களாக அளந்து கொடுக்கவும் வேண்டாம். நான் டொக்டரைக் கேட்டுத்தான் செய்தேன். உடம்பு தேறிய பிறகு எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்யட்டும்.

புவனமக்காவுக்கு மலர் வந்த அன்றே கடிதம் போட்டேன். பதில் வந்துவிட்டது. பெயர் கொடுத்திருக்கிற தன் தம்பியிடம் சொன்னாவாம். “தலைவர் அச்சிலை போட்டிருக்கிறார், மருந்துக்கடைக்காரன்தான் பிழை எண்டு. நீ அவன்ரை கதையைக் கேட்டுத்தானே அத்தானைப் பறிகுடுத்தனி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். விடிய அவர் கையும் நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறா.

கனகசபை அண்ணை, உங்களுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். தம்பியைக் கொல்ல நினைத்து நீங்கள் கூட்டிக்கொண்டு போகவில்லை. அது எனக்குத் தெரியும். எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஆள் விட்டுச் சமாதானம் பேசவும் வேண்டாம். அச்சில் எழுதியதற்கு அச்சில் பதில் சொல்லுங்கள். இந்தச் சஞ்சிகை ஆசிரியர் உங்களுக்கு இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்பது இரண்டு கேள்விதான். கொடியேற்றத்தன்று துறையில் வைத்து, நிறுத்தினால் ஆள் செத்துப் போகும் என்று நான் சொன்னேனா, இல்லையா? அந்தப் பன்னிரண்டு பேரையும் டொக்டரிடம் காட்டாமல் லோஞ்சில் ஏற்றப் போகிறீர்களா, இல்லையா? ஓம் அல்லது இல்லை. கீழே உங்கள் பெயர். ஆனி பிறக்குமுன்.